கல்கல் உருட்டும் நேரம் வேறு, எண்ணெய் காயும் நேரம் வேறு

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். இப்போது சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நாலு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது டிசம்பர் பிறந்தால் வீட்டில் பாயை விரித்து, பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கல்கல் (சங்கு மாதிரிச் சுருட்டிப் பொரிக்கும் மைதா இனிப்பு) உருட்டுவோம். அதை என் பிள்ளைகளுக்கும் காட்ட ஆசைப்பட்டுப் போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு கிலோ மைதா பிசைந்து உட்கார்ந்தேன். மகன் பச்சை மாவை வாயில் போட்டுக்கொண்டே இருந்தான். மகள் கொஞ்ச நேரம் ஒழுங்காகச் செய்தாள். அவள் உருட்டியதை நான் திரும்ப உருட்டுவதைப் பார்த்துவிட்டு எழுந்து போய் அழுதாள். பொரிக்கும்போது மகன் வாணலியின் காதைப் பிடிக்கக் கை நீட்டினான். நான் போட்ட சத்தத்தில் அவனும் அழுதான், நானும் அழுதேன். மிச்ச மாவை இரவு பதினொரு மணிக்குத் தனியாக உருட்டி முடித்தேன். “கடையில் வாங்கினால் ஆகாதா?” என்கிறார் மாமியார். இந்த வருடம் செய்யட்டுமா, விட்டுவிடட்டுமா? பிள்ளைகளோடு செய்யத் தோதான பலகாரம் வேறு உண்டா? இன்னொன்று: என் அம்மா கல்கலைச் சீப்பில்தான் உருட்டுவார். மகள் அதைக் கேட்டு “சீ” என்கிறாள். முள்கரண்டிதான் சரியா?

பதில்:

செய்யுங்கள். ஆனால் இரண்டு கிலோ வேண்டாம். உங்கள் கடிதத்தில் நான் பென்சிலால் அடிக்கோடு போட்டது அந்த இடத்தில்தான்.

பாளையங்கோட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் மனையியல் ஆசிரியையாக இருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு மே மாதமும் அரையாண்டு விடுமுறையிலும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சமையல் வகுப்பு எடுக்கிறேன். ஒரு நேரத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை. அதனால் கணக்கில் இருந்தே தொடங்குகிறேன். இரண்டு கிலோ மைதாவோடு சீனி, வெண்ணெய், தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்தால் மூன்றரை கிலோ மாவு திரளும். ஒரு கல்கலுக்கு 6 கிராம் மாவு என்று வைத்தால் ஏறக்குறைய 600 கல்கல் ஆகிறது. நாலு வயதுப் பிள்ளையையும் எட்டு வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு 600! எட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நானே அதற்குத் துணிய மாட்டேன்.

இன்னொரு விஷயமும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது, நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. பழைய நினைவைச் சொல்லும்போது பாய் வருகிறது, பாட்டி வருகிறார், பக்கத்து வீட்டு அக்காவும் வருகிறார். அடுப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த அடுப்பு வேறு இடத்தில் இருந்தது. பின்கட்டிலோ முற்றத்துக்கு அந்தப் பக்கமோ, உங்கள் அம்மாவோ பெரியம்மாவோ ஒருவர் அதற்கென்றே நின்றிருப்பார். உருட்டியதைத் தட்டோடு எடுத்துப் போக இன்னொருவர் இருந்திருப்பார். பிள்ளைகளாகிய நீங்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி கல்கல் உருட்டியிருப்பீர்கள். மிச்ச நேரம் மாவில் பாம்பு செய்திருப்பீர்கள். அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை, அறுநூறையும் முடிக்க அங்கே ஆள் இருந்தது. போன வருடம் அத்தனை பேர் செய்த வேலையையும் நீங்கள் ஒருவரே இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். உருட்டுவது, மேய்ப்பது, பொரிப்பது எல்லாம் ஒரே சாயங்காலத்தில், ஒரே சின்ன அடுப்படியில். சத்தம் போடாமல் யாரால் இருக்க முடியும்?

சரி, இந்த வருடம் எப்படி என்று பார்ப்போம்.

பிள்ளைகளுக்கென்று கால் கிலோ மைதா மட்டும் எடுங்கள். அதற்குப் பொடித்த சீனி 75 கிராம், வெண்ணெய் 25 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லி. பாலை ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். மைதாவுக்கு மைதா அது குடிக்கும் அளவு மாறும். சப்பாத்தி மாவைவிட ஒரு பிடி கெட்டியாக வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். வெண்ணெயை முதலில் மாவில் விரலால் பிசிறிவிட்டுப் பிறகு பால் சேர்த்தால் பொரித்தபின் மொறுமொறுப்பாக இருக்கும். ஈரத்துணி போட்டு மூடி அரை மணி நேரம் வையுங்கள். இப்படி ஊறாத மாவு முள்கரண்டியில் இருந்து சுருண்டு பின்வாங்கும். பெரியவர்களுக்கு அது வெறும் எரிச்சல். நாலு வயதுக்காரன் அந்த இடத்திலேயே எழுந்து போய்விடுவான். இதில் 75 கல்கல் வரும். போதும்.

முட்டையை வேண்டுமென்றேதான் விட்டேன். நம் ஊரில் பல வீடுகளில் முட்டை சேர்ப்பார்கள், ருசியும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மகன் பச்சை மாவைத் தின்கிறான் என்கிறீர்களே. பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம் என்பது பலருக்கும் தெரியும். பச்சை மாவும் அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை என்பது அத்தனை பேருக்குத் தெரியாது. வயலில் இருந்து வரும் தானியத்தைக் கழுவி வேகவைத்து அரைப்பதில்லை, அப்படியே அரைக்கிறார்கள். அமெரிக்காவில் 2016-இல் பச்சை மாவின் மூலம் ஈ.கோலி தொற்று பல மாநிலங்களில் பரவி, கடைக்குப் போன மாவு மூட்டைகளைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு துண்டு வாயில் போய்விட்டால் பதறவேண்டாம், கிண்ணம் கிண்ணமாகத் தின்னவும் விடவேண்டாம். அதற்கு நான் வகுப்பில் செய்வது ஒன்றுதான். உட்காரும் முன் எல்லோருக்கும் சாப்பாடு. அப்புறம் பாயின் நடுவில் ஒரு கிண்ணம் பொரி. “மாவு கைக்கு, பொரி வாய்க்கு” என்று ஒரு தடவை சொல்வேன். பசியோடு உட்காரும் பிள்ளை எதைக் கொடுத்தாலும் வாயில்தான் போடும். முட்டை இல்லாததால் இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் குடியிருப்பில் சைவக்காரர்கள் இருந்தால் அவர்கள் வீட்டுக்கும் தயங்காமல் கொடுக்கலாம். முட்டை போட்டுச் செய்தால், கொடுக்கும்போதே வாயால் சொல்லிவிடுவது மரியாதை.

மாவு பிசையும் வேலையைப் பிள்ளைகள் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இதைச் சொன்னால் சில தாய்மார்கள், “முதலில் இருந்தே கற்றுக்கொள்ள வேண்டாமா?” என்பார்கள். சலிப்பதையும் பிசைவதையும் பார்த்துக்கொண்டிருந்த நாலு வயதுப் பிள்ளையின் பொறுமை, உருட்டும் நேரம் வருவதற்குள் தீர்ந்துவிடும். உங்கள் மகளுக்கு மட்டும் விதிவிலக்கு. முந்தின நாள் இரவு தராசை அவளிடம் கொடுத்து மைதாவையும் சீனியையும் நிறுக்கச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிராம் கணக்கு வரும். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கட்டும். அடுத்த வருடம் அந்த நோட்டைத்தான் நீங்கள் தேடுவீர்கள்.

இடம், கூடம். அடுப்படி வேண்டாம். தரையில் பாய், அதன்மேல் துவைத்த பழைய வேட்டி. செய்தித்தாளை விரிக்காதீர்கள், அச்சு மை மாவில் ஒட்டும். பொரித்ததை எண்ணெய் வடியப் போடுவதற்கும் செய்தித்தாள் கூடாது. சூடான எண்ணெய்ப் பலகாரத்தில் மை இன்னும் வேகமாக இறங்கும். உணவைச் செய்தித்தாளில் மடிக்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே விதி போட்டிருக்கிறது, நாம்தான் இன்னும் வடையை அதில் பிழிந்துகொண்டிருக்கிறோம். ஜல்லித்தட்டு இருந்தால் அதுவே நல்லது.

உருட்டும் விதம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கோலிக்குண்டைவிடச் சின்ன உருண்டையை முள்கரண்டியின் பின்பக்கம் வைத்து, பெருவிரலால் மெல்லியதாகத் தேய்த்து இழுக்க வேண்டும். அழுத்தினால் மட்டும் போதாது. சின்ன விரல் நடுவில் ஒரு குழி போடும், ஓரங்கள் தடியாகவே நிற்கும். அப்படியே சுருட்டினால் வெளியே சிவந்து உள்ளே பச்சை மாவாக இருக்கும். “தோசைக்கு மாவு இழுப்பதுபோல” என்று ஒரு தடவை நான் சொன்னேன், பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் மகளுக்கு இது வரும். மகனுக்கு வராது, இந்த வருடம் வரவும் வேண்டாம்.

அவனுக்கு வேறு வேலை இருக்கிறது. மாவுத் திரியில் இருந்து துண்டு கிள்ளி உருண்டை பிடிப்பது அவன் பங்கு. அக்காவுக்கு மாவு எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம் என்று சொல்லுங்கள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செய்வான். அது சலித்ததும் அடுத்த வேலை, பிரிப்பது. உருட்டி முடித்த கல்கலைப் பெரியது ஒரு தட்டு, நடுத்தரம் ஒரு தட்டு, பொடிசு ஒரு தட்டு என்று பிரிக்கட்டும். சும்மா உட்கார வைக்கச் சொல்லும் வேலை என்று நினைக்காதீர்கள். பொரிக்கும்போது நீங்கள் அவனைக் கும்பிடுவீர்கள். பெரியதும் சின்னதும் கலந்து ஒரே ஈடாகப் போட்டால், பெரியது வேகும் முன் சின்னது கருகிவிடும். சீனி சேர்ந்த மாவு சட்டென்று நிறம் மாறும். அளவு பார்த்து ஈடு போட்டால் பிள்ளைகள் உருட்டிய கோணல்மாணல் எல்லாமே ஒழுங்காகப் பொரிந்து வரும். போன வருடம் நீங்கள் மகளுடையதைத் திரும்ப உருட்டியது இந்தக் காரணத்துக்காகத்தான் இருக்க வேண்டும், சரிதானே? அளவு ஒன்றுபோல இருக்கவேண்டும் என்று. மூன்று தட்டு இருந்தால் திரும்ப உருட்ட அவசியமே இல்லை.

அந்த விஷயத்தை இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தன் வேலை எப்படி இருக்கிறது என்று நன்றாகவே தெரியும். தன்னுடையது தடியாக இருக்கிறது, அம்மாவுடையது சங்கு மாதிரி இருக்கிறது என்று அவள் முதலிலேயே பார்த்திருப்பாள். நீங்கள் அதைப் பிரித்து மறுபடி உருட்டியபோது, தான் உட்கார்ந்திருந்த அந்த நேரம் முழுவதும் கணக்கில் இல்லை என்று அவளுக்கு ஆகிவிட்டது. ஆசிரியையாக நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். கண்காட்சிக்கு வைக்க வேண்டும் என்பதற்காக ஒரு மாணவி செய்த சோமாஸின் ஓரத்தை நானே மடித்துச் சரிசெய்தேன். அவள் அன்று அதைச் சாப்பிடவில்லை. பெயர் சொல்லி இரண்டு டப்பா வையுங்கள், அவளுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. அவரவர் உருட்டியது அவரவர் டப்பாவில். யாருக்குக் கொடுப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். அக்கம்பக்கத்துத் தட்டு அழகாகப் போக வேண்டும் என்ற கவலை உங்களுக்கு இருக்கும், எனக்கும் இருக்கும். தீபாவளிக்கு அவர்கள் அடுக்கி அனுப்பிய தட்டுக்குப் பதில் தட்டு அல்லவா! அதற்கு நீங்கள் தனியாக உருட்டியதோ கடையில் வாங்கியதோ போகட்டும், மேலே பிள்ளைகளுடையது ஒரு கைப்பிடி. ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த வீட்டில் நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால், கடினமான கல்கலும் முழு முந்திரி, முழு நிலக்கடலையும் அதன் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

எவ்வளவு நேரம்? என் வகுப்பில் நாலு வயதுப் பிள்ளைகள் கால் மணி நேரம் இருந்தாலே பெரிது. எட்டு, ஒன்பது வயது என்றால் முக்கால் மணி நேரம் வரும். மகன் பாதியில் எழுந்து போனால் கூப்பிடாதீர்கள். திரும்பி வருவான், வராவிட்டாலும் சரிதான். 75 முடியவில்லையா, மிச்ச மாவைத் தேங்காய்த் துருவல் வைத்துச் சப்பாத்தி மாதிரிச் சுட்டுக் கொடுத்துவிடுங்கள். இரவு பதினொரு மணி உருட்டல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இனி எண்ணெய். இங்கே நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன்.

பிள்ளைகளின் பங்கு, அடுப்பு பற்றவைக்கும் முன்பே முடிந்துவிட வேண்டும். உருட்டியதை ஈரத்துணியால் மூடி வைத்தால் ஒரு மணி நேரம் தாங்கும், ஒன்றும் ஆகாது. அந்த நேரத்தில் வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு பொரியுங்கள். உங்கள் கணவருக்கு வேலை கொடுக்க இதுதான் நல்ல சமயம். மாடியில் ஸ்டார் கட்டட்டும், குடிலுக்கு வைக்கோல் போடட்டும், பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ளட்டும். “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டு சோபாவில் போனோடு உட்காருவது இதில் சேராது.

மகள், “நான் பார்க்க வேண்டும்” என்பாள். பார்க்கட்டும். அடுப்பில் இருந்து மூன்றடி தள்ளி, அடுப்படித் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நாற்காலி. கோட்டைத் தாண்டினால் அடுப்பு அணையும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, தாண்டினால் உண்மையிலேயே அணைத்துவிடுங்கள். ஒரு தடவைக்குமேல் தேவைப்படாது. மகனுக்கு இந்தக் கோடு புரியும், ஆனால் நினைவில் நிற்காது. அவன் அடுப்படியில் இருக்கவே கூடாது.

வாணலியை உள்பக்க அடுப்பில், சுவரோரமாக வையுங்கள். காது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பாதி அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்ற வேண்டாம். கல்கலுக்கு மிதமான தீ போதும், 160 முதல் 170 டிகிரி. ஒரு துண்டு மாவைப் போட்டால் அடியில் போய் நிதானமாக மேலே வர வேண்டும். போட்டதுமே துள்ளி வந்தால் சூடு அதிகம். அடுப்பை அணைத்ததும் பெருமூச்சு விட்டு முதுகைத் திருப்புவோம் பாருங்கள், எனக்குப் பயமான நேரம் அதுதான். எண்ணெய் ஆற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வாணலியோ பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். மூடி போட்டு, அதே உள்பக்க அடுப்பிலேயே ஆறவிடுங்கள். கீழே இறக்கித் தரையில் வைக்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு, அதை விட்டுவிடுங்கள். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கேஸை மூடி, வாணலியைத் தட்டால் மூடினால் போதும். அந்தத் தட்டு பொரிக்கத் தொடங்கும் முன்பே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

கல்கலுக்கு மேலே சீனிப்பாகு பூசும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வருடம் விட்டுவிடுங்கள். எண்ணெய்க்குப் பயப்படும் அளவுக்கு யாரும் பாகுக்குப் பயப்படுவதில்லை. ஆனால் பாகும் 100 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கிறது, தோலில் பட்டால் வழிந்து போகாமல் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். என் மகனுக்கு ஐந்து வயதில் மணிக்கட்டில் ஒரு துளி வெல்லப்பாகு பட்டது. வீட்டில் இருந்த பெரியவர் ஒருவர் ஓடி வந்து பேனா மையைக் கொட்டிவிட்டார், அந்தக் காலத்து வைத்தியம். டாக்டர் புண்ணைப் பார்க்க முதலில் மையைக் கழுவ வேண்டியிருந்தது. அவன் அலறியது அதற்குத்தான் அதிகம். ஆகவே சுட்டுக்கொண்டால் மை வேண்டாம், பற்பசை வேண்டாம், வெண்ணெய் வேண்டாம், ஐஸும் வேண்டாம். குழாய்த் தண்ணீர், ஓடும் தண்ணீர், 20 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம்; இரண்டு நிமிடத்தில் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது என்று எடுத்துவிடக் கூடாது. வளையல், கயிறு இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியை மட்டும் பிய்க்காதீர்கள். கொப்புளம் வந்தாலோ, முகம், கை, மூட்டு என்றாலோ, காயம் பிள்ளையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ ஆஸ்பத்திரிதான். பெரிய காயம் என்றால் 108.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு, பிள்ளைகளோடு செய்ய வேறென்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடக் கூடாது. உங்கள் மகன் வயதுக்குக் கல்கலைவிட நான் சிபாரிசு செய்வது முந்திரிக்கொத்து. ஆச்சரியமாக இருக்கிறதா? அதில் முந்திரியே கிடையாது, கொத்தாகத் தொங்கும் கொடிமுந்திரி, அதாவது திராட்சை, போல இருப்பதால் வந்த பெயர் என்பார்கள். அதன் உள்ளுருண்டையைப் பாருங்கள். சிறுபயற்றை வாசம் வரும்வரை வறுத்து அரைத்து, வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலம், சுக்கு சேர்த்துப் பாகில் பிசைவது. எல்லாமே வறுத்ததும் காய்ச்சியதும். பிள்ளை உருட்டிக்கொண்டே வாயில் போட்டாலும் பாதகமில்லை! கால் கிலோ பயற்றுக்கு 200 கிராம் கருப்பட்டியோ வெல்லமோ போதும். பாகு காய்ச்சி, வடிகட்டி, மாவில் கொட்டிக் கிளறுவது உங்கள் வேலை. கை பொறுக்கும் சூடு வந்த பிறகு பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். அதற்குள் உதிர்ந்து போகிறதே என்றால் இரண்டு கரண்டி வெந்நீர் தெளித்துப் பிசையுங்கள். தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும் என்று பாட்டி சொல்லியிருப்பார். பத்து நாள் வைக்கும் பலகாரத்துக்கு அது சரி. பிள்ளைகள் உருட்டியது மறுநாள் சாயங்காலத்தைத் தாண்டாது. அவர்களுடையதை மாவில் தோய்க்காமல், பொரிக்காமல், அப்படியே உருண்டையாகவே வைத்துவிடலாம். மிச்சத்தை நீங்கள் மூன்று மூன்றாகத் தோய்த்துப் பொரித்துக்கொள்ளுங்கள்.

அச்சு முறுக்கு பிள்ளைகளுக்கு வேண்டாம். அச்சை எண்ணெயிலேயே காயவைக்க வேண்டும், மாவில் முக்கால் பாகம்தான் முக்க வேண்டும், உதறி எடுக்க வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து பார்க்க அதைவிட நல்ல வேடிக்கை கிடையாது, அவ்வளவுதான். கேக் என்றால், பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் ஊறப்போடுவது, டூட்டி ஃப்ரூட்டியில் மாவு புரட்டுவது, தட்டில் வெண்ணெய் தடவுவது எல்லாம் மகனே செய்வான். சீனியைக் கருக்கித் தண்ணீர் ஊற்றும் கட்டம் மட்டும் ஆபத்து, குப்பென்று தெறிக்கும். அதை முந்தின இரவே தனியாகச் செய்து ஆறவைத்துவிடுங்கள்.

ஊருக்குப் போகிற வாய்ப்பு இருந்தால் ஒன்று சொல்கிறேன். கார்த்திகைக்கு நம் பக்கம் பனங்குருத்தோலையில் கொழுக்கட்டை அவிப்பார்களே, அதற்கு ஈடு கிடையாது. அரிசிமாவு, கருப்பட்டி, தேங்காய் பிசைந்து ஓலையின் மடிப்புக்குள் அடைத்து, இன்னொரு ஓலையை மேலே வைத்து, ஓலைநாராலேயே கட்டுவது. அடைப்பதும் கட்டுவதும் முழுக்கப் பிள்ளை வேலை, எண்ணெயே கிடையாது, வெந்து வரும்போது வீடு முழுக்கப் பனைவாசம். திருநெல்வேலியிலும் கன்னியாகுமரியிலும் எந்தச் சாமி வீடு என்று பாராமல் தட்டு மாறிப் போகும் பலகாரம் அது. சென்னையில் குருத்தோலைக்கு எங்கே போவீர்கள் என்பதுதான் கேள்வி. இட்லிப் பானையைத் திறப்பது மட்டும் உங்கள் வேலை, ஆவியும் சுடும்.

மாமியார் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்துக்கும் அலுவலகத்துக்கும் கொடுக்கிற மூன்று கிலோவை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வாங்குங்கள், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஊரில் ஆர்டர் கொடுத்தால் பஸ்ஸில் போட்டு அனுப்பவும் ஆள் இருக்கிறது. ஆனால் அவரை வாங்கச் சொல்லும் ஆளாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பாயில் ஒரு பக்கம் உட்காரச் சொல்லுங்கள். அவருடைய வீட்டில் பண்டிகைக்கு என்ன செய்தார்கள் என்று மகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கேட்டால் சொல்லாத மாமியாரை நான் பார்த்ததில்லை. போன வருடம் அவர் கடையில் வாங்கச் சொன்னது, பதினொரு மணிக்கு நீங்கள் தனியாக உருட்டியதைப் பார்த்துத்தான் என்றும் எனக்குப் படுகிறது.

கடைசியாகச் சீப்பு. மகள் “சீ” என்பதில் நியாயம் இருக்கிறது, தலையில் வைக்கும் சீப்பு என்றுதானே அவளுக்குத் தெரியும். முள்கரண்டி தாராளமாகப் போதும், நாலு வரி விழும். சீப்பில் வரி நெருக்கமாக விழும், சுருட்டவும் நீளமாக இடம் கிடைக்கும். பெரிய கைக்கு அதுதான் வேகம். கடைக்கு அவளையே கூட்டிப்போய்ப் புதுச் சீப்பு ஒன்று வாங்குங்கள். வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, மார்க்கர் பேனாவால் அதன் முதுகில் ‘கல்கல்’ என்று அவளை எழுதச் சொல்லி, வேலை முடிந்ததும் முள்கரண்டியோடு சேர்த்துப் பலகார டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள். தலைக்குப் போகவே போகாது. என் அம்மாவின் கல்கல் சீப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நடுவில் நாலு பல் போய்விட்டது. அதில் உருட்டினால் கொஞ்ச தூரம் வரி, நடுவில் ஒரு வழுக்கை, மறுபடியும் வரி. எங்கள் வீட்டுக் கல்கல் என்று தட்டைப் பார்த்ததுமே தெரு முழுக்கத் தெரியும்.